கடைசியில் ஆன், முதலில் ஆஃப்

ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் ‘டொப்’ என்று ஒரு சத்தம் எழும். பாட்டு தொடங்கும் முன்பே வரும் இந்தச் சத்தத்தை நம்மில் பலரும் பொருட்படுத்துவதில்லை. செட் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது வராவிட்டால்தான் அவர்களுக்குக் கவலை. ஒலிக் கருவிகளை எப்படிப் பாதுகாப்பாக ஆன் செய்வது, எப்படி அணைப்பது என்ற கேள்விக்குச் சொல்லப்படும் விடைகளில் பெரும்பகுதி அந்த ‘டொப்’பை அடக்குவதைப் பற்றியவைதான். ஆனால் அந்த விடைகளை எழுதியவர்கள், சுவிட்ச் எப்போதும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் செட்டை ஆஃப் செய்வதும், மறுபடி ஆன் செய்வதும் பல நாள் ஈ.பி.யின் வேலை. கேட்காமல் போகிற கரண்ட், கேட்காமலே திரும்பியும் வருகிறது. வெளியூர் விதிகளை இந்த உண்மையோடு வைத்துப் பார்த்தால்தான் எது நமக்கு முக்கியம், எது அவ்வளவு முக்கியமில்லை என்பது தெரியும்.

விதி என்னவோ சின்னதுதான். ஆன் செய்யும்போது பாட்டைத் தரும் கருவி முதலில். பிரீ-ஆம்போ மிக்ஸரோ அடுத்து. ஸ்பீக்கரை நேரடியாகத் தள்ளும் பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது அப்படியே தலைகீழ், பவர் ஆம்ப்தான் முதலில் அணைய வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். ஜெனரேட்டர் ஓடி நிதானத்துக்கு வந்ததும் மிக்ஸரும் பிளேயரும் உயிர் பெறும். ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதன் சுவிட்சைத் தட்டுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மைக் வயரைச் சுருட்டத் தொடங்கும் முன்பே ஆம்ப் அணைந்திருக்கும். ஹாரன் யூனிட் கருகினால் புதிது வாங்குவது தன் சொந்தக் காசு என்று தெரிந்தவரின் ஒழுங்கு அது. வீட்டில் அப்படி இல்லை. டிவி, செட்-டாப் பாக்ஸ், ஆம்ப், சப்-ஊஃபர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கும். அதற்கு சுவரில் ஒரே சுவிட்ச். தட்டினால் எல்லாம் ஒரே கணத்தில் எழும், ஒரே கணத்தில் அணையும். வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை.

வரிசை ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். வீட்டில் இருக்கும் சாதாரண பவர் ஆம்ப், தன்னிடம் வரும் எதையும் ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். டெசிபல் கணக்கில் இது 26. வருவது இசையா குப்பையா என்று அது பார்ப்பதில்லை. பிரீ-ஆம்புக்குள் நிறைய கண்டென்சர்கள் இருக்கின்றன. கரண்ட் வந்ததும் அவை ஒவ்வொன்றும் தனக்குரிய மின்னழுத்தத்துக்கு ஏறி நிற்க ஒரு வினாடியோ இரண்டோ பிடிக்கும். உள்ளே இருக்கும் ஐ.சி.க்களுக்குப் பிளஸ், மைனஸ் என்று இரண்டு சப்ளைகள். இரண்டும் சமமாக ஏறுவது அரிது. இந்தத் தடுமாற்றத்தில் பிரீ-ஆம்பின் வெளியீடு 1 வோல்ட் குதித்தது என்று வைத்துக்கொள்வோம். பவர் ஆம்ப் ஏற்கெனவே விழித்திருந்தால் அது 20 வோல்ட்டாக ஸ்பீக்கரில் இறங்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் அந்தக் கணத்துக்கு 50 வாட். ராத்திரியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பாட்டுக் கேட்கிறவர் சராசரியாக ஒரு வாட்டைக்கூடத் தாண்டுவதில்லை என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அணைக்கும்போது வரிசை தவறினால் இன்னும் மோசம். பவர் ஆம்புக்குள் இருக்கும் பெரிய கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் அதைச் சில வினாடிகள் உயிரோடு வைத்திருக்கும். சின்ன சப்ளை கொண்ட பிரீ-ஆம்ப் அதற்குள் செத்துவிடும். சாகிற பிரீ-ஆம்ப் எழுப்பும் உறுமல், சொடுக்கு, விசில் எல்லாம் இன்னும் விழித்திருக்கும் பவர் ஆம்ப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். ஆம்பை முதலில் அணைக்கச் சொல்வது இதனால்தான். அணைத்த மறுகணமே மற்றதையும் அணைத்தால் பயனில்லை; பாட்டு தானாகத் தேய்ந்து நிற்கும்வரை, பத்துப் பதினைந்து வினாடி, பொறுக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வப்போது வரும் ஒரு ‘டொப்’ நல்ல ஸ்பீக்கரைக் கொன்றுவிடாது. ட்வீட்டருக்கு முன்னால் வரிசையில் ஒரு கண்டென்சர் இருக்கும். அது மெதுவான தள்ளல்களைத் தடுத்துவிடும். ஊஃபரின் கோன் ஒருமுறை முன்னால் துள்ளிப் பின்னால் வரும், அவ்வளவுதான். பிரீ-ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் இன்றைய ஆம்ப்களிலும் ஏ.வி. ரிசீவர்களிலும் இந்த வரிசையை உள்ளே இருக்கும் ரிலேயே கவனித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு செட்டும் ஒரு போனும் மட்டும் வைத்திருக்கிறவர், எதை முதலில் தட்டுவது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையில் ஸ்பீக்கரைக் கொல்வது டி.சி.தான். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் சப்ளையின் முழு டி.சி. மின்னழுத்தமும் நேராக ஸ்பீக்கரில் போய் நிற்கும். 35 வோல்ட் சப்ளை கொண்ட ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் என்று எழுதிய ஊஃபரின் சுருளை மீட்டரில் அளந்தால் சுமார் 6 ஓம்தான் இருக்கும். ஆக, கிட்டத்தட்ட 6 ஆம்பியர், 200 வாட். கோன் அசையாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதால் அத்தனையும் வெப்பமாக மாறி வாய்ஸ் காயிலில் இறங்கும். அரக்கு கருகும் வாடை வரும்போது காரியம் முடிந்திருக்கும். ஆன் செய்யும் கணத்திலும் கரண்ட் திரும்பும் கணத்திலும் டிரான்சிஸ்டர்களுக்கு அழுத்தம் அதிகம் என்பதால் இந்த விபத்து அப்போதும் நடக்கலாம்.

இதைத் தடுக்க வந்ததுதான் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் சர்க்யூட். நல்ல ஆம்பை ஆன் செய்தால் உடனே சத்தம் வராது. மூன்று நான்கு வினாடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று ஒரு ரிலே ஒட்டும் ஓசை கேட்கும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அந்த இடைவெளியில் சர்க்யூட்டின் தடுமாற்றமெல்லாம் அடங்கியிருக்கும். பிறகு எந்நேரமும் வெளியீட்டில் டி.சி. தலைகாட்டினால் ரிலே பிரிந்து ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். ஜப்பான் செட்களில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவந்தது என்.இ.சி.யின் 1237 என்ற எட்டுக் கால் ஐ.சி. அதில் ஒரு கால், கரண்ட் போய்விட்டதா என்று பார்ப்பதற்காகவே இருக்கிறது. கரண்ட் போன மறுகணமே, கண்டென்சர்கள் காலியாகும் வரை காத்திருக்காமல், ரிலேயைப் பிரித்துவிடும்.

நம் ஊரின் தனிக் கதை அசெம்பிள் செட். சென்னை ரிச்சி தெருவிலோ மதுரை, கோவை கடைகளிலோ 4440 போர்டு ஒன்று, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, மரப்பெட்டியில் அடித்த ஸ்பீக்கர் இரண்டு வாங்கி மாட்டி வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. ஸானியோவின் எல்.ஏ. 4440 கார் ஸ்டீரியோவுக்காக ஒற்றை சப்ளையில் ஓடும்படி செய்யப்பட்ட ஐ.சி. ஒற்றை சப்ளை ஆம்ப்களில் வெளியீட்டின் நடுநிலை பூஜ்யத்தில் இல்லாமல் சப்ளையில் பாதியில் நிற்கும். அதை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் தடுக்க ஸ்பீக்கர் வரிசையில் ஒரு பெரிய கண்டென்சர் போடுவார்கள். ஆன் செய்ததும் அந்தக் கண்டென்சர் ஸ்பீக்கர் வழியாகத்தான் நிரம்பியாக வேண்டும். நிரம்பும் ஓசைதான் ‘டொப்’. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: ஐ.சி. செத்தாலும் டி.சி. ஸ்பீக்கரைத் தொடாது. பிளஸ், மைனஸ் என்ற இரட்டை சப்ளையில் ஓடும் பெரிய டிரான்சிஸ்டர் போர்டுகளில் அந்தக் கண்டென்சர் கிடையாது. அங்கே புரொடெக்‌ஷன் போர்டு இல்லாமல் ஸ்பீக்கரை மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆம்ப் போர்டுக்குக் காசு கொட்டிவிட்டு, அதன் விலையில் ஒரு பங்குகூட ஆகாத புரொடெக்‌ஷன் போர்டை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிற பழக்கம் நம் அசெம்பிள் உலகில் இன்னும் போகவில்லை.

ஸ்பீக்கர் பக்கத்தை விட்டு இனி மெயின்ஸ் பக்கம். பெரிய ஆம்பை ஆன் செய்யும் கணத்தில் வீட்டு விளக்கு ஒரு துடி துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்தாயிரம் மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் காலித் தொட்டி போல ஒரே மூச்சில் இழுக்கும். அது ஒரு காரணம். டிரான்ஸ்ஃபார்மர் இன்னொரு காரணம். ஏ.சி. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் சுவிட்ச் ஒட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப் பாய்வு வழக்கமான உச்சத்தைப்போல் இரண்டு மடங்கு வரை போகப் பார்க்கும். இரும்பு அவ்வளவு தாங்காமல் நிறைந்துவிடும். பிறகு கரண்டைத் தடுக்கக் கம்பியின் மின்தடை மட்டுமே மிச்சம். பூஜ்யத்தில் ஆன் செய்தால் மென்மையாக இருக்கும் என்றுதான் தோன்றும்; டிரான்ஸ்ஃபார்மரில் நடப்பது நேர்மாறு. வளையம்போல் இருக்கும் டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரில் இது இன்னும் தீவிரம். ஃபியூஸ் காரணமில்லாமல் போகிறது என்று வரும் புகார்களில் பல இதனால்தான். தெரியாமல் பெரிய ஃபியூஸ் போட்டுவிடுகிறார்கள், சில இடங்களில் செம்புக் கம்பியையே சுற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு உள்ளே உண்மையான ஷார்ட் வந்தால் எரிவது ஃபியூஸாக இருக்காது. மெதுவாக உருகும் வகை ஃபியூஸ், எழுதியிருக்கும் அதே ஆம்பியரில் போட வேண்டும் என்பதற்கு மேல் இதில் ரகசியம் இல்லை.

நல்ல ஆம்ப்களில் இந்த முதல் பாய்ச்சலைக் குறைக்க என்.டி.சி. தெர்மிஸ்டர் என்ற சின்ன வட்டுப் பொருள் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது சில ஓம் தடை கொடுத்துப் பாய்ச்சலைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் ஓடிச் சூடானதும் தடை குறைந்து வழிவிடும். அது மறுபடி குளிர ஒரு நிமிடமாவது வேண்டும். அணைத்த ஆம்பை உடனே ஆன் செய்யாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கரண்ட் போய் நின்றால் பரவாயில்லை; போய், வந்து, மறுபடி போய், மறுபடி வரும் அந்த அரை நிமிடத்துக் கூத்துதான் செட்களைக் கொல்கிறது. தெர்மிஸ்டர் இன்னும் சூடாக இருப்பதால் இரண்டாவது பாய்ச்சலை அது தடுக்காது. மலிவான புரொடெக்‌ஷன் போர்டில் தாமதத்தைக் கொடுப்பது ஒரு சின்ன கண்டென்சர். அது காலியாவதற்குள் கரண்ட் திரும்பினால் ரிலே நேரம் எடுத்துக்கொள்ளாமல் உடனே ஒட்டிக்கொள்ளும். ஆக, இரண்டு காவலும் ஒரே நேரத்தில் இல்லாத கணத்தில்தான் கரண்ட் திரும்புகிறது. தெருவே ஒன்றாக ஆன் ஆவதால் ஃபிரிட்ஜ்களும் மோட்டார்களும் ஒரே நேரத்தில் இழுக்க, மின்னழுத்தம் நிலையில்லாமல் ஆடும். இத்தனை அலங்கோலத்தில் ஆம்பை ஆன் செய்வது நீங்கள் இல்லை; பின்னாலிருக்கும் கறுப்பு ராக்கர் சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே கிடக்கிறது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து நியூட்ரல் கட். கம்பத்திலோ வீட்டு மெயினிலோ நியூட்ரல் வயர் விட்டுப்போனால், மூன்று ஃபேஸ்களில் பகிர்ந்து ஓடும் வீடுகளில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், எந்த ஃபேஸில் எவ்வளவு லோடு என்பதைப் பொறுத்து, 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்குக்கூட ஏறிவிடும். ஒரு அறையில் பல்பு மங்கும், அடுத்த அறையில் கண் கூசும் அளவுக்கு எரியும். இதைப் பார்த்தால் உடனே மெயினை அணைக்க வேண்டும். ஸ்பைக் பஸ்டர் என்று விற்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இங்கே காப்பாற்றாது. அதற்குள் இருக்கும் வேரிஸ்டர், கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகும் அதிர்ச்சிகளுக்கானது; தொடர்ந்து நிற்கும் உயர் மின்னழுத்தத்தில் அதுவே சூடாகிப் புகையும். ஒவ்வொரு அதிர்ச்சியையும் வாங்கி வாங்கி அது தேயவும் தேயும். வாங்கி ஏழெட்டு வருடமாகியும் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதற்காக அதை நம்ப வேண்டியதில்லை. அந்த விளக்கு பெரும்பாலும் கரண்ட் வருகிறது என்பதை மட்டுமே சொல்லும்.

எனக்குப் பிடித்த தீர்வு ஆடியோ உலகத்தில் இல்லை, வயலில் இருக்கிறது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு காயில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பிடி விடும். கரண்ட் வந்தாலும், யாராவது போய் மறுபடி பச்சையை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. நடு ராத்திரியில் எழுந்து போக முடியாமல் விவசாயிகள் இதை ஏமாற்ற ‘ஆட்டோ’ மாட்டிக்கொண்டது வேறு கதை. ரிமோட்டில் ஆன் ஆகும் பல செட்களில் இதே பாதுகாப்பு தானாகவே அமைந்துவிடுகிறது. கரண்ட் திரும்பினாலும் ஸ்டாண்ட்பை நிலையில்தான் நிற்கும். இழுத்துத் தள்ளும் சுவிட்ச் கொண்ட பழைய ஆம்புக்கும் அசெம்பிள் செட்டுக்கும் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் 230 வோல்ட் காயில் ரிலே ஒன்றும் ஒரு பட்டனும் வைத்து இதைச் செய்து கொடுப்பார். அது முடியாவிட்டால், ஆம்புக்கு மட்டும் சுவரில் தனி சுவிட்ச். கரண்ட் போனதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவது. வந்த பிறகு ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றுகிறதா என்று இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டு ஆன் செய்வது.

இன்வெர்ட்டரில் ஓடலாமா என்பது அடுத்த கேள்வி. சைன் வேவ் என்றால் தாராளமாக. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமுவதுபோலவே ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரும் உறுமும். அதோடு, சைன் அலையின் உச்சம் 325 வோல்ட் என்றால் சதுர அலையின் உச்சம் 230தான். கண்டென்சர்கள் நிரம்புவது உச்சத்தைப் பார்த்தே என்பதால் ஆம்பின் சப்ளை நன்றாகக் குறையும், வழக்கமான வால்யூமிலேயே சத்தம் உடையும். இடி மின்னலுக்கு எந்தப் பெட்டியும் பதிலில்லை. சித்திரை வெயிலில் வரும் கோடை மழையானாலும் ஐப்பசி அடைமழையானாலும் பிளக்கைப் பிடுங்குவது ஒன்றே வழி. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்னல் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாது. பலரும் மறப்பது கேபிள் டிவி வயரை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த வயரை விட்டுவைத்தால் கூரைமேல் ஓடும் கம்பி வழியாக வந்தது செட்-டாப் பாக்ஸ் மூலமாக ஆம்புக்குள் நுழையும்.

ஆன், ஆஃப் இரண்டுமே கெடுதல் என்றால் அணைக்காமலே விட்டுவிட்டால் என்ன? இந்தக் கட்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, லண்டன் டாலிஸ் ஹில்லில் தபால் துறை ஆய்வு நிலையத்தில் இருந்த டாமி ஃபிளவர்ஸ், 1,500-க்கும் மேற்பட்ட வால்வுகளைக் கொண்டு ரகசியக் குறியீடுகளை உடைக்கும் கொலோசஸ் இயந்திரத்தைக் கட்ட முன்வந்தார். இத்தனை வால்வு ஒன்றாக ஓடாது, ஏதாவது ஒன்று எப்போதும் போய்க்கொண்டே இருக்கும் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். தொலைபேசி நிலையக் கருவிகளோடு பழகிய அவருக்கு, வால்வை அணைக்காமல் விட்டால் அது நீண்ட நாள் உழைக்கும் என்று தெரிந்திருந்தது. 1944 தொடக்கத்தில் அந்த இயந்திரம் பிளெட்ச்லி பார்க்கில் ஓடியது. சுமார் 18,000 வால்வுகள் கொண்ட அமெரிக்கக் கணினியான எனியாக்கிலும் வால்வுகள் பெரும்பாலும் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் போயின. அதனால் அதை அணைப்பதையே தவிர்த்தார்கள். இங்கிலாந்தின் நைம் நிறுவனம் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்களை எப்போதும் ஆனிலேயே வைத்திருக்கச் சொல்லிப் பேர் பெற்றது.

கணினிக்குப் பொருந்தியது கூடத்துக்குப் பொருந்துமா என்றால், எனக்கு அதில் சம்மதமில்லை. கொலோசஸின் வால்வுகள் சிறு வேலை செய்தவை. பாட்டு ஆம்பின் அவுட்புட் வால்வு சும்மா இருக்கும்போதும் முழு வெப்பத்தில் எரிந்து, சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துபோகும். டிரான்சிஸ்டர் ஆம்பில் தேய்வது எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. சுற்றுக் காற்றே 38 டிகிரியில் இருக்கும் சித்திரை மாதத்தில், மூடிய ஷோகேஸுக்குள் நாள் முழுக்க எரியும் ஆம்புக்கு இந்தக் கணக்கு என்ன சொல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் செலவும் இருக்கிறது. பாட்டில்லாமலே 40 வாட் இழுக்கும் ஆம்ப் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்டைத் தின்னும். இரண்டு மாத பில்லில் 58 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மௌனத்துக்கே போய்விடும்.

ஸ்டாண்ட்பை வேறு விஷயம். சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் ஸ்டாண்ட்பை செலவை 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கி 2010-இல் நடைமுறைப்படுத்தி, 2013-இல் அரை வாட்டாகக் குறைத்தது. பாட்டு நின்று கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிற செட்கள் வந்ததும் அந்தச் சட்டத்தால்தான். ‘செட் ரிப்பேர், தானா ஆஃப் ஆகுது’ என்று கடைக்குத் தூக்கிவருகிறவர்கள் மெனுவில் அந்த அமைப்பைத் தேடிப் பார்க்கலாம். வருடம் முழுக்க 1 வாட் என்றால் ஒன்பது யூனிட்கூட ஆகாது. ஆகவே நாள்தோறும் பயன்படுத்தும் செட்டை ஸ்டாண்ட்பையில் விடலாம். ஊருக்குப் போனால் பிளக்கைப் பிடுங்கலாம். ஒரு நாளில் ஓரிரு தடவை ஆன், ஆஃப் செய்வதை எந்த ஒழுங்கான ஆம்பும் பல்லாண்டு தாங்கும்.

வால்வு ஆம்ப் வைத்திருக்கிறவர்கள் நம்மிடையே கொஞ்சம் பேர்தான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு முதல் விதி, ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதே. லோடு இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பாட்டு ஓடினால் உயர் மின்னழுத்தம் எழும்பி அதன் இன்சுலேஷனைத் துளைக்கும். இரண்டாவது, அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் தேங்கி நிற்கலாம், கைவைக்காதே. கிட்டார் ஆம்ப்களில் 1950-களில் பரவிய ஸ்டாண்ட்பை சுவிட்ச் வால்வைக் காக்கிறதா இல்லையா என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. ஹீட்டர் மட்டும் எரிந்து, கரண்ட் ஓடாமல் மணிக்கணக்கில் நிற்பது கேத்தோடைக் கெடுக்கும் என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் கேட்கப் போவதில்லை என்றால் அணைத்துவிடுவதே நல்லது.

பாட்டைத் தரும் கருவிகளுக்கும் தனித்தனி குணம் உண்டு. கேசட் டெக் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் அணைத்தால் ரப்பர் உருளை இரும்புத் தண்டை அழுத்திய நிலையிலேயே நின்றுவிடும். ராத்திரி முழுக்க அப்படியே இருந்தால் ரப்பரில் ஒரு பள்ளம் விழும். அடுத்த நாள் குரல் அலைபாயும். ஆகவே ஸ்டாப் அழுத்தி, அது எழும்பிய பிறகே அணைக்க வேண்டும். இசைத்தட்டுக்கு முள் தூக்கியிருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் பாட்டு வைத்திருப்பவர்கள் ஷட்-டவுன் செய்யாமல் பிடுங்கினால் மெமரி கார்டு ஒரு நாள் படிக்க முடியாமல் போகும். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு ஆம்பை ஆன் செய்யக் கூடாது. எது ஆனில் இருந்தாலும் ஆர்.சி.ஏ. பின்னைச் செருகுவதும் பிடுங்குவதும் ஆபத்து. அந்தப் பின்னின் அமைப்பில் எர்த் ஒட்டுவதற்கு முன்பே நடுக்கம்பி ஒட்டிவிடுகிறது, அந்தக் கணத்தில் எழும் உறுமல் முழு வால்யூமில் வரும். ஹம்மிங் போகவில்லை என்று மூன்று முள் பிளக்கின் எர்த் காலை ஒடித்துவிடுகிறவர்கள், உறுமலுக்குப் பதில் ஒரு நாள் ஷாக்கை வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொரு தவறு அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த செட்டில் நடப்பது. அங்கே 120 வோல்ட், 100 வோல்ட். பிளக்குக்கு ஒரு அடாப்டர் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைத்து 230-இல் செருகினால் ஒரே ஒருமுறைதான் ஆன் ஆகும். பின்பக்கம் மின்னழுத்தம் மாற்றும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

பரணிலிருந்து இறக்கிய பழைய ஆம்பை, பல வருடம் கழித்து, நேராக மெயின்ஸில் செருகுவதும் அதே போன்ற அவசரம். கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் நாளாக நாளாகத் தளர்ந்திருக்கும். முழு மின்னழுத்தம் ஒரேயடியாக வந்தால் கசிந்து சூடாகி வெடிக்கும். நம் மெக்கானிக்குகளிடம் இதற்கு சீரிஸ் பல்பு இருக்கிறது. ஒரு பலகையில் ஹோல்டர் ஒன்று, பிளக் பாயின்ட் ஒன்று. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, செட்டுக்கு வரிசையில். செட்டைச் செருகியதும் பல்பு பளிச்சென்று எரியும். கண்டென்சர்கள் நிரம்ப நிரம்ப மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் ஒரு கம்பிச் சிவப்பாக நின்றால் செட் நலம். பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். ஆனால் கரண்ட் முழுக்க பல்பில் எரிவதால் டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது. எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. குண்டு பல்பு விற்பனை அருகிவரும் இந்த நாளில் பழைய மெக்கானிக்குகள் நாலைந்து வாங்கிப் பதுக்கி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

புதிதாக வாங்கப் போகிறவர் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பாட்டு ஓடும்போது, செட்டின் பட்டனைத் தொடாமல், சுவரிலிருக்கும் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். சத்தம் சட்டென்று நிற்கிறதா, உறுமிக்கொண்டே சாகிறதா என்று கேளுங்கள். இரண்டு வினாடியில் மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். செட் தானாக எழுந்து பாடத் தொடங்கினால் அதற்கென்று தனி சுவிட்ச் வைக்க வேண்டியிருக்கும். எழுந்தாலும் ரிலே தன் மூன்று நான்கு வினாடியை எடுத்துக்கொண்டால் உள்ளே இருப்பது ஒழுங்கான புரொடெக்‌ஷன். உடனே ஒட்டிக்கொண்டால் விலையைப் பேசலாம். வால்யூமைக் கால்வாசிக்கு மேல் வைக்க வேண்டாம், கடைக்காரரின் ஸ்பீக்கர்தான் என்றாலும்.